ஒன்பதாம் கட்டம்

காட்பாடியில் கடல்
இரண்டாம் மாடியில், மைனஸ் எண்பதில் இருக்கிறது.
கரண்ட் போனால்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை பதினோரு விநாடி
மூச்சை அடக்கிக்கொள்கிறோம் எல்லோரும்,
முக்குளிக்கிறவர்களைப் போல.

வெளியே வெயில் நூற்றெட்டு.
பாலாற்றுப் பாலத்தில் போகிற ரயில்
மணலைத்தான் கடக்கிறது.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு
ஒரு கடற்பஞ்சுக்கு
உரிமை கோரும் படிவத்தை நிரப்புகிறேன்.

கிடைத்த இடம்: மன்னார் வளைகுடா.
ஆழம்: நாலு மீட்டர்.
எடை: ஈரத்தில் எழுநூறு கிராம், காய்ந்தபின் எழுபது.
சாறெடுத்து, பிரித்து, பிரித்ததைப் பிரித்து
கடைசியில் குப்பியின் அடியில்
உப்புக்கல் அளவுக்கு வெள்ளையாய் ஒன்று.
சீழ்க்கிருமியைக் கொல்கிறது.
எப்படிக் கொல்கிறதென்று
பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறோம்.

ஒன்பதாம் கட்டம் கேட்கிறது:
மரபறிவு ஏதும் பயன்பட்டதா?
ஆம் / இல்லை.

"இல்லைன்னு போடும்மா" என்றார் எத்திராஜுலு சார்.
கெட்டவரில்லை.
மூன்று மாதம் ஃபெலோஷிப் வராதபோது
தன் சட்டைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தவர்.
"ஆம்னு போட்டா வாரியத்துக்குப் போகும்.
வாரியம் பஞ்சாயத்தைக் கேக்கும்.
பஞ்சாயத்துல குழு பேப்பர்லதான் இருக்கும்.
அதுக்குள்ள கொரியாக்காரன் முந்திக்குவான்."

இல்லையின் மேல் பேனாவை வைத்தேன்.
அப்போதுதான் வக்கீலின் மெயில், சென்னையிலிருந்து:
யோசனை முதலில் யாருக்கு, எந்தத் தேதியில் வந்தது?
நோட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பவும்.

நாற்பத்தோராம் பக்கம்.
என் கையெழுத்துதான், நீர் பட்டு மை ஊறியிருக்கிறது.
"பிப். 19. பார்க்கல் இடது பாதத்தைக் கிழித்தது.
பாசி எடுக்கும் நம்புத்தாய்
ஆரஞ்சுப் பஞ்சைப் பிழிந்துவிட்டார். எரிந்தது.
பிப். 22. சீழ் இல்லை. இந்த இனத்தைச் சேகரிக்க."
கடைசி வரிக்கு அடிக்கோடு, இரண்டு முறை.

எங்கள் கண்டுபிடிப்பின் பிறந்த தேதி அதுதான்.
இந்தப் பக்கத்தை அனுப்பாவிட்டால் யோசனை எங்களுடையதில்லை.
அனுப்பினாலும் இல்லை.

பழைய நம்பர். எடுப்பாள் என்று நினைக்கவில்லை.
"வேலூர் டீச்சரா? கால் ஆறிருச்சா?"
ஆறு வருஷம் கழித்துக் கேட்கிறாள்.
நான் டீச்சரில்லை, சொல்லவில்லை.
என்றாவது ஒரு கம்பெனி வாங்கினால்,
விற்றால், அந்த நூறு ரூபாயில்
சில்லறையாய் ஏதோ வரும், வராமலும் போகும்,
உங்கள் பெயரைப் போடட்டுமா என்றேன்.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

"எம்பேரை மட்டும் போடாதீக.
எனக்குக் காட்டிக்குடுத்தது பூரணம் மதினி.
அவளுக்கு யாரோ கீழக்கரைப் பக்கத்துக்காரி.
தீவுக்குப் போனா எங்களப் பிடிக்கிற
ஃபாரஸ்ட்டுக்காரருக்கும் தெரியும்,
அவரு காலுக்கும் பிழிஞ்சு விட்டுருக்கேன்."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"இப்ப எங்கள அந்தப் பக்கமே விடுறதில்ல.
நீங்க மட்டும் எப்புடிப் போறீக?"

அனுமதிக் கடிதத்தின் எண்
நாலாம் கட்டத்தில் இருக்கிறது.
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

'ஆம்' என்பதைச் சுழித்தேன்.
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை, மாட்டிக்கொள்ளவும் இல்லை.
பெயருக்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள்.
கீழே எறும்பெழுத்தில்:
இடம் போதாதெனில் தனித்தாள் இணைக்கவும்.

பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினேன்.
சூடாக இருந்தது.
நம்புத்தாய், பாசி எடுப்பவர்.
பூரணம்,
இனிஷியல் கேட்க மறந்துவிட்டேன்.
கீழக்கரைப் பக்கத்துக்காரி
பெயர் தெரியவில்லை என்று எழுதினால்
ஏற்பார்களா தெரியவில்லை.
மறுபடி போன் போடவேண்டும்.
ஏழு மணிக்கு மேல் எடுப்பாளாம்,
பகலில் கடலுக்குள் சிக்னல் இல்லை.